போயிலை நீட்டிய கையே துணைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குட்கா பறிமுதல் செய்தி இல்லாமல் மாவட்டப் பக்கம் வருவது அரிதாகிவிட்டது. எத்தனை கிலோ, எந்த வண்டி, எத்தனை பேர் கைது என்பதெல்லாம் தவறாமல் வந்துவிடுகிறது. அதே செய்தியைக் கடைவாயில் ஒரு சிட்டிகையை அதக்கிக்கொண்டே படிக்கிறவரும் இருக்கிறார். 'இந்தச் சனியனை எப்படி விடுவது' என்று அவர் நினைத்தால், அவருக்கென்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. புகையிலை நிறுத்த ஆலோசனையிலும் பல் மருத்துவத்திலும் இருக்கிற நாங்கள் அந்த ஒரு வரியைக் கேட்டும், அதற்கு மேல் ஊரில் செய்ய வேண்டியதைச் சொல்லியும் இதை எழுதுகிறோம்.

2016-17இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்தோரில் 10.7 சதவீதம் பேர் புகைக்கிறார்கள்; மெல்லுதல், அதக்குதல், பொடி என்று புகையில்லாமல் புகையிலை பயன்படுத்துகிறவர்கள் 21.4 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. தமிழ்நாட்டில் இப்படிப் புகையில்லாமல் பயன்படுத்துகிறவர் பத்துப் பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் சுவரொட்டியில் சிகரெட்டுதான் எரிகிறது. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள், பீடி சுற்றுகிறவர்கள், கொத்தனார், சித்தாள், லாரி ஓட்டுநர், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அந்தப் படத்தைத் தங்களுக்கு இல்லை என்று கடந்துபோகிறார்கள். ஈறில் மூக்குப்பொடி தேய்க்கிற பாட்டிமாரோ, தங்களுக்குப் புகையிலைப் பழக்கமே கிடையாது என்று சத்தியம் செய்வார்கள்.

சிகரெட் பிடிக்கிறவர் ஓரமாக ஒதுங்கிப்போய்ப் பிடித்துவிட்டு வரலாம். போயிலை அப்படியில்லை. வேலைத்தளத்தில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிச் சுண்ணாம்பு தடவிக் கட்டைவிரலால் கசக்கத் தொடங்கினால், பக்கத்தில் மூன்று கை நீளும். கேட்டால் இல்லையென்று சொல்வது மரியாதைக் குறைவு; கொடுத்ததை வேண்டாமென்பது அதைவிடக் குறைவு. முதன்முதலில் பழகியதும் இப்படித்தான், விட்டவர் திரும்பப் போடுவதும் பெரும்பாலும் இப்படித்தான். ஆகவே விட நினைக்கிறவர் முதலில் சொல்ல வேண்டியது மனைவியிடமோ மருத்துவரிடமோ அல்ல, தினமும் யாரிடம் வாங்கிப் போடுகிறாரோ அவரிடம்.

சொல்லும் விதமும் முக்கியம். 'நீயும் விட்டுடு' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவருக்கு அது உபதேசம். 'அண்ணே, வர்ற திங்கள்ல இருந்து நான் போடல. நான் கேட்டாலும் குடுக்காதீங்க' என்று கேட்டால் அது ஓர் உதவி. உதவி கேட்டு மறுக்கிற ஆள் நம் ஊரில் குறைவு. இப்படிக் கேட்கப்பட்டவர்களில் சிலர் ஓரிரு வாரம் கழித்துத் தாமும் தேதி குறிப்பதுண்டு. அதை எதிர்பார்த்து வற்புறுத்தத் தேவையில்லை.

1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைப் பலர் பொட்டலத்திலேயே பார்த்திருப்பார்கள். 2016இல் தொடங்கிய தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் அது. தமிழிலும் பேசுவார்கள்; திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாள்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. 'கூப்பிட்டால் போலீசுக்குப் போய்விடுமோ' என்று பயந்து அழைக்காதவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். 2013 முதல் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் நீட்டிக்கப்படும் தடை, குட்கா, பான் மசாலா போன்றவற்றைத் தயாரிப்பது, பதுக்குவது, கொண்டுசெல்வது, விற்பது ஆகியவற்றுக்கானது. வாங்கி மெல்கிறவரைப் பிடித்துப்போக அல்ல. எண்ணைத் தயங்காமல் அழைக்கலாம். ஆலோசகர் நாள் குறிக்க உதவுவார், பின்னால் அவரே அழைத்தும் விசாரிப்பார். ஆனால் சாயங்காலம் நாலு மணிக்கு டீ குடித்து முடித்ததும் வாய் நமநமக்கும்போது பெங்களூரிலோ டெல்லியிலோ இருக்கிற ஆலோசகர் பக்கத்தில் நிற்க முடியாது. அந்த ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்து ஆள்தான் வேண்டும்.

அப்படி ஒருவருக்கொருவர் துணையாக நின்று விடுவதற்கு ஊரிலேயே ஒரு சிறு குழு வேண்டும்; ஆறு முதல் எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இரண்டு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். விட்டு ஆறு மாதமாவது ஆன ஒருவர் உள்ளே இருந்தால் நல்லது. அப்படி ஆள் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. டீக்கடையில் கூடக் கூடாது, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நூலகத் திண்ணை, கோயில் மண்டபம், வேலை முடிந்த கட்டடத்தின் மொட்டைமாடி எதுவானாலும் சரி. பெண்களுக்குத் தனியாக இடம் தேடவே வேண்டாம். மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டத்தின் கடைசிக் கால் மணி நேரம் போதும். ஆண்கள் இருக்கும் இடத்தில் எந்தப் பெண்ணும் 'நான் போயிலை போடுறேன்' என்று வாய் திறக்க மாட்டார்.

முதல் நாளில் ஒவ்வொருவரும் நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் வாய் போடுகிறீர்கள்? நாளைக்கு எத்தனை பொட்டலம்? சாற்றைத் துப்புகிறீர்களா, விழுங்குகிறீர்களா? இரவில் அதக்கிக்கொண்டே தூங்குகிறீர்களா? எழுந்த அரை மணிக்குள் போடுகிறவரும், சாற்றை விழுங்குகிறவரும், வாயில் வைத்தே தூங்குகிறவரும் கடுமையாக அடிமைப்பட்டவர்கள். அவர்களுக்குத் துணையோடு மருந்தும் தேவைப்படலாம். எத்தனை 'வாய்' என்று கேட்காமல் எத்தனை பொட்டலம் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. 'பத்து வாயை அஞ்சாக் கொறச்சுட்டேன்' என்பார். சிட்டிகையின் அளவு இரண்டு மடங்கு ஆகியிருக்கும். பொட்டலக் கணக்கு ஏமாற்றாது.

அடுத்து நாள் குறிப்பது. ஒரு வாரத்துக்குக் குறையாமலும் இரண்டு வாரத்துக்கு மேல் போகாமலும் குறிக்கலாம். கல்யாணம், கோயில் கொடை, சம்பள நாள் மூன்றையும் தவிர்க்க வேண்டும். கட்டட வேலையில் சனிக்கிழமை கூலி, அன்று இரவு மது. மது உள்ளே போன பிறகு உறுதிமொழி நிற்காது. அதனால் திங்கள் அல்லது செவ்வாயில் தொடங்கினால் முதல் சனிக்கிழமைக்குள் மோசமான நாள்கள் கடந்திருக்கும். இடைப்பட்ட நாள்களில் இரவு அதக்குவதை முதலில் நிறுத்தி, காலை முதல் வாயை தினம் ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டுக்கொண்டே வரலாம். குறித்த நாளுக்கு முந்தைய இரவு சட்டைப்பை, வண்டி சீட்டின் அடி, கொத்துக்கரண்டி வைக்கும் சாக்கு, தலையணை அடி என்று எல்லா இடத்தையும் துணையாள், அதாவது குழுவில் அவருக்குத் துணையாக நிற்கிறவர், கூட இருந்து காலி செய்ய வேண்டும். தனியே செய்தால் ஒரு பொட்டலம் 'அவசரத்துக்கு' என்று தப்பிவிடும்.

முதல் மூன்று நாள்தான் கடினம். புகைக்கிற நிக்கோட்டின் சட்டென ஏறிச் சட்டென இறங்கும். வாயில் அதக்கியது மெதுவாக ஏறி நெடுநேரம் நிற்கும். சுண்ணாம்பு சேர்த்தால் காரத்தன்மை கூடி, கன்னத்தோல் வழியே இன்னும் எளிதாக உள்ளே போகும். அந்த உடம்புக்கு வரத்து நின்றதும் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை, கவனச் சிதறல், அகோரப் பசி எல்லாம் வரும். இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சம், பிறகு இரண்டு முதல் நாலு வாரத்தில் தணியும். இதோடு மலச்சிக்கலும் சேரும். காலையில் போயிலை போட்டால்தான் வெளிக்குப் போகும் என்று பழகியவர்கள் நம்மிடையே ஏராளம். நாலாம் நாள் வயிறு இறுகியதும் 'இதுக்காவது ஒரு வாய்' என்று திரும்பிவிடுகிறார்கள். வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள். குழுவில் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும்: எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், இரவில் வாழைப்பழமோ கொய்யாவோ, கீரை, ஒரு வாரம் பொறுத்தால் குடல் தன் வழிக்கு வந்துவிடும்.

இந்த மூன்று நாளும் துணையாள் காலையும் மாலையும் ஒருமுறை அழைக்க வேண்டும். பதினாலாம் நாள்வரை தினமும், முதல் மாதம் முடியும்வரை வாரம் இருமுறை, மூன்று மாதம்வரை வாரம் ஒருமுறை, பிறகு ஓராண்டு வரை மாதம் ஒருமுறை. பேச்சு நீள வேண்டாம். நமநமப்பு எழுந்தால் பெரும்பாலும் ஐந்து பத்து நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். அந்த நேரத்தைக் கடத்துவதுதான் அழைப்பின் வேலை.

'அண்ணே, இப்பவே போடணும்போல இருக்கு.'

'எங்க நிக்கிறே? பக்கத்துல யாரு?'

'மேஸ்திரி பொட்டலத்தப் பிரிச்சுட்டாரு.'

'சரி, போன வைக்காத. தண்ணித் தொட்டிப் பக்கமா நடந்து வா. வாயக் கொப்புளிச்சுட்டு ஒரு செம்புத் தண்ணி குடி. மக பள்ளிக்கூடம் போனாளா இன்னைக்கு?'

மகளைப் பற்றிக் கேட்பதில்தான் சூட்சுமம். போயிலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நினைப்பும் அங்கேயே நிற்கும். இடத்தை விட்டு நகர்வது, கொப்புளிப்பது, தண்ணீர் குடிப்பது, பேச்சைத் திருப்புவது, இந்த நாலும் முடிவதற்குள் ஐந்து நிமிடம் ஓடியிருக்கும்.

வாய்க்கு வேலை வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கைக்கும் வேலை வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பொட்டலத்தைக் கிழிப்பது, கொட்டுவது, கசக்குவது, தட்டுவது என்று இருபது ஆண்டு பழகிய கை சும்மா இருக்காது. வயதான பெண்களின் சுருக்குப்பையைப் பிடுங்கி எறிகிற மருமகள்கள் தோற்பது இதனால்தான். பை இடுப்பிலேயே இருக்கட்டும். உள்ளே இருக்கிற போயிலையும் சுண்ணாம்பு டப்பியும் வெளியே போய், உலர்ந்த நெல்லிக்காய்த் துண்டு, ஏலக்காய், சோம்பு, வறுத்த கடலை வரட்டும். அவிழ்த்து, துழாவி, எடுத்து, வாயில் போட்டு, சுருக்குக் கயிற்றை இழுக்கிற பழைய சடங்கு அப்படியே நடக்கும், சரக்கு மட்டும் மாறியிருக்கும். கிராம்பு ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம், ஏற்கெனவே புண்ணான வாயை எரிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் புதினா மிட்டாயை நாள் முழுக்கச் சப்புவதும் ஆகாது.

பாக்குக்கு மட்டும் இடமே கொடுக்கக் கூடாது. 'போயிலையத்தான் விட்டுட்டேன், வெறும் பாக்குதானே' என்பது எங்கள் காதில் தினமும் விழுகிற வாக்கியம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கைத் தனியாகவே, புகையிலை சேராமலே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என உறுதியான முதல் பிரிவில் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வைத்துவிட்டது. கன்னத்தின் உட்தோல் நார் நாராக இறுகி வாய் திறக்காமல் போகும் நோய்க்கும் முக்கியக் காரணம் பாக்குதான். காரம் பட்டால் எரியும், பிறகு சோற்று உருண்டை சிறிதாகும், பிறகு வாயே திறக்காது. சோதனை எளிது: ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்படி கையைத் திருப்பி, மேல் முன்பல்லுக்கும் கீழ் முன்பல்லுக்கும் நடுவே நுழைக்க வேண்டும். மூன்றும் நுழையாதவர் அந்த வாரமே பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடையில் தொங்கும் 'மூலிகை' வாசனைப் பொட்டலங்களிலும் பாக்கு இருக்கக்கூடும். பின்பக்கத்து எழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிக்கோட்டின் சூயிங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மெல்லுகிறவர்களிடம் இது தோற்பதற்குப் பெரும்பாலும் அவர்கள் அதைப் போயிலை மாதிரியே மென்று துப்புவதுதான் காரணம். மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை கடித்து, நாக்கில் சுருசுருவென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைக்க வேண்டும். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி இரண்டு கடி, இந்த முறை வேறு பக்கம் ஒதுக்கு. இப்படி அரை மணி நேரம். தொடர்ந்து மென்றால் விக்கலும் குமட்டலும் வரும், 'எனக்கு ஒத்துக்கல' என்று தூக்கிப்போட்டுவிடுவார். போடுவதற்குக் கால் மணி முன்பும், வாயில் இருக்கும்போதும் காப்பி, எலுமிச்சைச் சாறு, சோடா கூடாது. சுண்ணாம்பு செய்கிற வேலைக்கு நேர் எதிரான வேலையைப் புளிப்பு செய்யும், நிக்கோட்டின் உள்ளே ஏறாது. நாளைக்கு 24க்கு மேல் ஒருபோதும் கூடாது. வாய் இறுகியவருக்கு சூயிங்கம் சரிவராது, தோலில் ஒட்டும் பட்டை உண்டு. மாத்திரைகளும் உண்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும். கர்ப்பிணிகளும் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் தாமாகத் தொடங்கக் கூடாது. எந்த மருந்து, எவ்வளவு என்று குழுவில் யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. சொல்லிக்கொடுக்கலாம் என்றால், மென்று ஒதுக்கும் முறையை மட்டும்.

ஒருநாள் போட்டுவிட்டார் என்றால்? பழக்கத்தைப் பழையபடி கொண்டுவருவது அந்த ஒரு வாய் அல்ல, அதை மறைப்பதுதான். மறைக்கத் தொடங்கியவர் குழுவுக்கு வருவதை நிறுத்துவார், அழைத்தால் எடுக்க மாட்டார், இரண்டு வாரத்தில் பழைய கணக்குக்கே போய்விடுவார். 'போட்டுட்டேன்' என்று சொன்னால் திட்டு விழாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வார். கேட்க வேண்டியது மூன்றுதான்: எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது, அதற்கு முன் என்ன சாப்பிட்டீர்கள் அல்லது குடித்தீர்கள். பதிலிலேயே அடுத்த முறை எங்கே அணை போடுவது என்பது தெரிந்துவிடும். அன்றே பொட்டலத்தை எறிந்துவிட்டு அதே நாளிலிருந்து தொடர வேண்டும். 'அடுத்த ஒண்ணாந்தேதி' என்று தள்ளக் கூடாது. புற்றுநோய்ப் படங்களைக் குழுவில் அனுப்பிப் பயமுறுத்துவதும் வேண்டாம். பயந்தவர் போயிலையை விட மாட்டார், குழுவைத்தான் விடுவார்.

மாதம் ஒருமுறை கைபேசி விளக்கில் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். வழக்கமாக அதக்குகிற இடத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருக்கும். விட்ட பிறகு பல சமயம் சில வாரங்களில் அது மங்கி, தோல் பழைய நிறத்துக்குத் திரும்புவதைக் கூடவே இருந்து பார்ப்பது எந்தப் பிரசங்கத்தையும்விடத் தெம்பு தரும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், சிவந்த திட்டு, கெட்டியான வெள்ளைத் திட்டு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி ஆகியவை இருந்தால் வேடிக்கை பார்க்காமல் அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போக வேண்டும். யார் வாயையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது.

குழுக்கள் உடைவதற்கும் சில காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே வாரம் விட்ட இருவரை ஜோடி சேர்த்தால் ஒருவர் சறுக்கும்போது மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். மூன்று பேராகச் சேர்ப்பது பாதுகாப்பு. ஒருவரே எல்லாரையும் அழைக்கிற குழு, அவர் வெளியூர் வேலைக்குப் போனதும் கலையும். அழைக்கும் பொறுப்பு மாதம் ஒருவருக்கு மாற வேண்டும். பத்து ரூபாய்ப் பொட்டலம் நாளைக்கு ஐந்து என்றால் மாதம் 1,500 ரூபாய் மிச்சம்தான். ஆனால் அந்தப் பணத்தைக் குழுவில் திரட்டினால் சீட்டுத் தகராறு மாதிரி ஆகிவிடும், அவரவர் வீட்டு உண்டியலில் இருக்கட்டும். போயிலைக்குப் பதில் பீடிக்குப் போகிறவரை விட்டவராகக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இன்னொன்று, விட்டவர் ஆறு மாதத்தில் சாமியார் மாதிரி உபதேசம் செய்யத் தொடங்கிவிடுவது. அவர் பேச்சைக் கேட்டு ஓடுகிறவர்கள் உண்டு.

பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்குள் வைத்துக்கொள்ளும் சின்னப் பொட்டலங்கள் தனிப் பிரச்சினை. அவர்களைப் பெரியவர்கள் குழுவில் சேர்க்கக் கூடாது. பிடிபட்ட பிள்ளையைப் பள்ளியைவிட்டு அனுப்புவது அவனை அந்தக் கடைக்காரரிடமே ஒப்படைப்பது போன்றது. சிறுவருக்குப் புகையிலை கொடுப்பவருக்கு 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவில் ஏழாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை போக வேண்டிய திசை அது.

அரசிடம் கேட்பது புதுத் திட்டம் அல்ல. 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர்கள் வீடுவீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அதோடு 'வாயில் ஏதாவது போடுவீங்களா அம்மா?' என்ற கேள்வியும் மூன்று விரல் சோதனையும் சேரட்டும். நிக்கோட்டின் மாற்று மருந்து 2022இல் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது; ஆரம்ப சுகாதார நிலைய அலமாரியிலும் அது எப்போதும் இருக்க வேண்டும். ஊரக வேலைத் திட்டத் தளங்களிலும் கட்டடத் தொழிலாளர் கூடுமிடங்களிலும் ஒரு குழுவுக்கு இடமும் கால் மணி நேரமும் கொடுத்தால் போதும். உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று கை நீட்டி உறுதிமொழி எடுத்தவர்களை ஜூன் 3ஆம் தேதி யாராவது ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். மூன்றாம் நாள்தான் அவர்களுக்கு ஆள் தேவை.

உங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பறிமுதல் செய்தி வெளியிடும்போது, அதன் அடியில் 1800-11-2356 என்ற எண்ணையும், தமிழில் பேசலாம், கட்டணமில்லை, போலீசுக்குப் போகாது என்பதையும் ஒரு கட்டத்துக்குள் போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். டீக்கடையில் ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்கிற பக்கம் அது.

இப்படிக்கு,
புகையிலை நிறுத்த ஆலோசகர்களும் பல் மருத்துவர்களும் சிலர்,
திண்டுக்கல் மாவட்டம்.